கணினித் திரையைப் பார்த்துக் கை தூக்கியவர்

அரை மணி தாண்டினால் மணி அடிப்பேன் என்று மிரட்டிவிட்டு அமர்ந்திருக்கும் அவைத் தலைவர், தலைமையாசிரியை விருத்தாம்பாள் அம்மையார் அவர்களே! கடலூரிலிருந்து வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே! சிதம்பரத்திலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்த நண்பர்களே! முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் தாய்மார்களே! குறிஞ்சிப்பாடி ஞாயிறு கேள்வி மன்றத்தின் குறும்புக்காரப் பெரியோர்களே! பிரவுசிங் சென்டர் தைரியராஜின் பணிவான வணக்கம்.

ஓராண்டுக்கு முன், இரண்டாயிரத்துப் பத்து ஆடியில், என் கடையில் இம்மன்றம் பிறந்தது. அறம் எது? அரசு எதற்கு? என்று கடல் கடந்த பேராசிரியர் ஒருவர் வகுப்பில் பேசிய பேச்செல்லாம் பதிவாக இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. நுழைவுச் சீட்டு கேட்டார்களா? இல்லை! பட்டம் கேட்டார்களா? இல்லை! ஞாயிறு மாலை நான் திரையில் ஓட்டுவேன். கல்லூரி ஆசிரியை ஆரோக்கிய அனிதா இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்வார். என்ன மாமா, மின்வெட்டா? அது குறுக்கிடாமல் நம்மூரில் எந்தத் தத்துவம் முடிந்தது!

மூன்றாம் வாரப் பேச்சு, வாக்குறுதி பற்றியது. "கேள்வி இருப்பவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார் திரையிலிருந்த பேராசிரியர். அனிதா அதை அப்படியே தமிழில் சொன்னார். எழுந்தார் தையல்கடை லோகநாயகி அம்மையார்! கையை உயர்த்தி, திரையைப் பார்த்தே கேட்டார்.

"ஐயா, செத்தவருக்குக் குடுத்த வாக்கு எத்தினி வருசத்துக்குச் செல்லும்?"

பதிவு என்ன பதில் சொல்லும்? பேராசிரியர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே பேசினார். கடையே குலுங்கிச் சிரித்தது. அனிதா மட்டும் பதிவை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அக்கா, என்னா வாக்கு அது?"

"மங்கலம்பேட்டையில எந்தம்பி பழனிவேலு வூட்டு விருந்துல, எங்க வூட்டுக்காரர இலையில ஒக்கார யாருமே கூப்பிடல. அந்தக் கோவம் கடைசி வரைக்கும் ஆறல. சாவப்போற நேரத்துல, 'ஒந்தம்பி மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லு'ன்னாரு. சொல்லிட்டேன். ஆறு வருசமாச்சு. இப்பதான் தம்பிக்கு, முப்பத்தெட்டு வயசுல பொண்ணு அமைஞ்சிருக்கு. ஆவணியில கல்யாணம். நாத்தனார் முடிச்சு போட நான் ஒருத்திதான் இருக்கறேன்."

சிரிப்பு செத்துப்போனது. நம் ஜோசப் அண்ணன் உடனே வழி கண்டுபிடித்தார்: "பொண்ணுக்குப் பின்னாடி நின்னுதான முடிச்சு போடப் போற? தம்பி மூஞ்சியப் பாக்காம போட்டுட்டு வந்துடு!"

"வக்கீல் பேச்சு பேசியா நான் அவரோட குடும்பம் பண்ணேன்?" என்றார் அம்மையார்.

வாதம் வளர்ந்தது, வாரம் கடந்தது, விடை வரவில்லை. ஆவணியோ வந்துகொண்டிருந்தது. அனிதா அந்தக் கேள்வியைப் பேராசிரியருக்கே மின்னஞ்சலில் எழுதினார். நான்காம் நாள் பதில் வந்தது: "எனக்கு விடை தெரியவில்லை. அந்த அம்மா என்ன செய்தார் என்பதை மட்டும் தெரிவியுங்கள். கற்றுக்கொள்கிறேன்."

ஜோசப் அண்ணன் கொதித்தார். "தெரியாதுன்னு சொல்லவா இம்மாம் படிச்சாரு?"

அம்மையாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவருக்கே தெரியலியா? அப்ப நான் மக்கு இல்ல. நானே யோசிக்கறேன்."

யோசித்தார். போனார். பின்னால் ஒளிந்து நின்றாரா? இல்லை! தாலி கட்டும் முன்பே தம்பியின் முகத்துக்கு நேரே நின்றார். "எங்க வூட்டுக்காரருக்குக் குடுத்த வாக்க மீறிட்டுதான் வந்திருக்கறேன்டா. ஆனா அன்னிக்கு நீ பண்ணது தப்பு." மணமேடையிலேயே தம்பி உடைந்து அழுதார். அக்காள் முடிச்சுப் போட்டார்.

அடுத்த ஞாயிறு அம்மையார் சொல்லச் சொல்ல அனிதா பதில் எழுதினார்: "போனேன். முடிச்சு போட்டேன். சரியா தப்பான்னு இன்னும் தெரியல. நான் கை தூக்கனப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க சிரிக்கல."

தோழர்களே, பதிவுக்குள் இருந்தவருக்கு அம்மையார் குரல் கேட்கவே இல்லை. எனக்குக் கேட்டது. கேட்டும் சிரித்தேன். அன்று முதலில் சிரித்த வாய் இந்த வாய்தான்! அதைச் சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று. அக்கா, நாலு பேர் முன்னால் சிரித்தேன். இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

கைதட்டல் வேண்டாம் மச்சான், உட்காருங்கள். பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம். நான் பதிவல்ல, நேரில் நிற்கிறேன். கேள்வி இருப்பவர்கள் கையை உயர்த்துங்கள்.

அதோ, நான்காம் வரிசையில் ஒரு கை. சொல்லுங்க, லோகநாயகி அக்கா!