இரண்டு குடுவையிலும்

பால் சூடா இருந்தா குளுக்கோஸ் சட்டுனு கரைஞ்சிடும் மேடம். ஆறிப்போச்சுன்னா அடியில கட்டியா நிக்கும். அதனால அக்காவுக்கு நான் எப்பவும் கொதிக்கக் கொதிக்கத்தான் கொண்டுபோய்க் குடுப்பேன். இன்னிக்கும் அப்படித்தான். ஒரு வாய் குடிச்சதுமே, "என்னடி இவ்ளோ தித்திப்பு, எறும்பு என்னைக் கட்டிலோட தூக்கிட்டுப் போயிடும்"னா. ஆனா முழுசா குடிச்சா. நான் குடுத்தா மிச்சம் வைக்க மாட்டா.

மூச்சு வருது. இப்பதான் மூக்குக்கிட்ட விரல் வெச்சுப் பாத்தேன். விட்டு விட்டு வருது. ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லி நான் கூப்பிடல மேடம். இப்படித் தூங்குறவங்க எப்ப முழிப்பாங்கன்னு கேக்கத்தான் உங்க நம்பரைப் போட்டேன். நீங்க முகவரி முகவரின்னே கேக்கறீங்க. சொல்றேன். முதல்ல நான் சொல்றதை முழுசா கேளுங்க. பாதி கேட்டா எல்லாம் தப்பாத்தான் தெரியும்.

வீட்ல நாங்க மூணு பேர். அம்மாவுக்குப் பக்கவாதம். ஒரு கை மட்டும் அசையும், பேச்சு வராது, உள் ரூம்ல படுத்தே இருக்காங்க. நான் பதினொண்ணாவது படிக்கிறேன். அக்கா பாக்டீரியாவை வெச்சு ஆராய்ச்சி பண்றா. சனிக்கிழமைன்னா பக்கத்து வீட்டு அத்தை அம்மாவைப் பாத்துப்பாங்க, நான் அக்காகூட லேபுக்குப் போவேன்.

"பாக்டீரியாவுக்கு நம்மளைவிட புத்தி ஜாஸ்திடி குட்டி"ன்னு அக்கா சொல்லுவா. "இருக்கிற விளக்கு எல்லாத்தையும் போட்டு வெச்சுட்டு, அப்புறம் பில்லைப் பாத்து முழிக்காது. எந்த ஜீன் வேணுமோ அது மட்டும்தான் வேலை செய்யும்." வேண்டாத ஜீனோட வாசல்ல ஒரு புரதம் வந்து படுத்துக்குமாம். மாடிப்படியில நாய் படுத்திருந்தா எப்படி, அப்படி. தாண்டிப் போக முடியாது. பால்ல இருக்கிற சர்க்கரையைப் போட்டா அந்த நாய் எழுந்து போயிடும். அக்காவோட பாக்டீரியால அந்த வாசல் திறந்தா, நீல விளக்கு காட்டும்போது பச்சையா மின்னும்.

குளுக்கோஸும் சேர்ந்து இருந்தா மின்னாது. நோகாம தின்னக் கெடைக்கும்போது பால் சர்க்கரையை எதுக்குத் தேடிப் போகணும்? அப்ப சின்னதா ஒரு ஆர்.என்.ஏ. நெறைய உண்டாகும். ஜீன்கிட்ட இருந்து 'இதைச் செய்'னு ஒரு சேதி கிளம்பும் இல்ல, அது மேல போய் ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா சேதியைப் படிக்க முடியாது. அந்தச் சின்னதைப் பத்திதான் அக்காவோட மொத்த ஆராய்ச்சியும். "உன்னை மாதிரியேடி. துக்குனூண்டு இருந்துக்கிட்டு மேல ஏறி உக்காந்துக்கும், எறங்கவே எறங்காது"ன்னு என் கன்னத்தைக் கிள்ளுவா.

அக்கா எப்பவும் ரெண்டு குடுவை வைப்பா. ஒண்ணுல பால் சர்க்கரை மட்டும். இன்னொண்ணுல அதோட குளுக்கோஸும். முதல் குடுவை மின்னணும், ரெண்டாவது இருட்டா நிக்கணும். பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாதான் யாரும் நம்புவாங்க. ரெண்டாவது குடுவைல குளுக்கோஸ் ஊத்துறது என் வேலை. கை நடுங்காம ஊத்துறேன்னு அவளுக்குப் பெருமை.

அப்புறம் வெளிநாட்டு லேப் ஒண்ணு அவளைக் கூப்பிட்டுச்சு. "ரெண்டே வருஷம்டி. அம்மாவுக்கு நர்ஸ் வெச்சுடலாம்"னா. நர்ஸ் பகலுக்கு. ராத்திரியைப் பத்தி யாரும் பேசல. ராத்திரியில அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கணும், துணி மாத்தணும். ஒரு பக்கம் அக்கா பிடிப்பா, ஒரு பக்கம் நான். அந்த இன்னொரு பக்கத்துக்கு யாருன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. அவ ரொம்ப சந்தோஷமா இருந்தா.

போறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு குடுவையையும் அவளோட சார் முன்னாடி மறுபடி செஞ்சு காட்டணும். நான் ரெண்டுலயும் குளுக்கோஸ் ஊத்தினேன்.

விஷம் இல்ல மேடம், சாப்பாடுதான். ஒரு பாக்டீரியாகூட சாகல. முன்னைவிடக் கொழுகொழுன்னுதான் வளர்ந்துச்சு. மின்னல, அவ்ளோதான்.

அக்கா தண்ணியை மாத்தினா. விளக்கை மாத்தினா. புதுசா பாக்டீரியா எடுத்து வளர்த்தா. எல்லாத்தையும் மாத்திப் பாத்தா, என்னை மட்டும் மாத்தல. ஒவ்வொரு சனிக்கிழமையும் ரெண்டு குடுவையும் இருட்டா நின்னுச்சு. அவ சார் எல்லார் முன்னாடியும் கேட்டார்: "முன்னாடி காட்டினியே ஒரு பச்சை, அது நெஜமாவே வந்துச்சா, இல்ல கம்ப்யூட்டர்ல நீயே பூசிக்கிட்டியாம்மா?" அன்னிக்கு வீட்டுக்கு வந்து, குழாயைத் திறந்து விட்டுட்டு பாத்ரூம்ல அழுதா. வெளிய வந்ததும் நான்தான் தலையைத் துவட்டி விட்டேன். அப்ப அவளுக்கு என்னைத் தவிர வேற யாரும் இல்ல. அந்த மாதிரி நாள் எனக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு சொன்னா நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.

ஒரு சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல். அவ தனியாப் போனா. சார் முன்னாடியே மின்னிடுச்சு. வீட்டுக்குள்ள குதிச்சுக்கிட்டே வந்தா. "நீ வந்தா மின்ன மாட்டேங்குது, வராட்டி மின்னுது. உனக்கும் அதுக்கும் ஏதோ பங்காளிச் சண்டைடி"ன்னு சிரிச்சா. சந்தேகப்படணும்னுகூட அவளுக்குத் தோணல மேடம்.

விடிஞ்சா ஃப்ளைட். பெட்டி கதவுக்கிட்ட நிக்குது.

அம்மாவுக்கு டாக்டர் தூக்க மாத்திரை குடுத்திருக்காரு. டிக்கெட் வந்ததுல இருந்தே அதைத் துண்டு துண்டா அக்கா பால்ல போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். உடம்பு அசதியா இருந்தா மனசு மாறும்னு நெனச்சேன். கொட்டாவி விட்டுக்கிட்டே பெட்டி அடுக்கினா. அதனால இன்னிக்கு அட்டையில மிச்சம் இருந்ததை எல்லாம் பொடி பண்ணிட்டேன். கசக்கக் கூடாதுன்னுதான் குளுக்கோஸை அள்ளிப் போட்டேன்.

அந்தச் சத்தமா? அது அம்மா. கட்டில் கம்பியைத் தட்டுறாங்க. அவங்க ரூம்ல உக்காந்துதான் பொடி பண்ணேன், பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவங்களால யார்கிட்டயும் சொல்ல முடியாதே. தண்ணி வேணும்னா மெதுவாத் தட்டுவாங்க. இது அந்தத் தட்டு இல்ல. அப்ப ஆரம்பிச்சது, இன்னும் விடல.

நான் அவளை ஒண்ணும் பண்ணல மேடம். சின்ன ஆர்.என்.ஏ. எதையும் உடைக்காது, சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்படித்தான் நானும். அதுக்கப்புறமும் அக்கா ஏதோ சொல்லுவா. "படிக்காம கெடக்கிற சேதியைப் பாக்டீரியா ரொம்ப நேரம் வெச்சுக்காதுடி, வெட்டிப் போட்டுடும்"னு. அந்த இடம் எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. அவ முழிச்சதும் கேக்கணும்.

இல்ல, கதவைத் திறக்க முடியாது. பூட்டி சாவியை நான்தான் வெச்சிருக்கேன். ஏர்போர்ட்டுக்குக் கார் வரும். வந்து ஹாரன் அடிச்சுப் பாத்துட்டுப் போயிடட்டும். அது போனதும் முகவரி சொல்றேன், சத்தியமா.

உதடா? இருங்க, லைட்டைப் போடறேன்.

நீலமா இருக்கு. குளிருதுபோல. இன்னொரு போர்வை எடுத்துப் போத்திட்டேன். நீங்க ஏன் மேடம் பதட்டப்படறீங்க? அம்மாகூடத் தட்டறதை நிறுத்திட்டாங்க. எல்லாரும் வீட்லதான் இருக்கோம்.