மூன்று முறை தட்டிய கை

மேடையில் இருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, இணையக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் அண்ணா அவர்களே, சலவைக்கூடத்திலிருந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் அக்காமார்களே, எங்கள் நான்கு மாடிக் கட்டடத்துக் குடித்தனக்காரர்களே, வணக்கம்.

பள்ளிக்கூட மேடையில் பேசியிருக்கிறேன். அங்கே கை தட்டுவார்கள். இங்கே வேண்டாம். எனக்குக் கோபமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. கட்டட மேலாளரின் ஆள் பின்வரிசையில் இருந்தால், அவரும் கேட்கட்டும்.

என் சித்தியை உங்களுக்கு மூணுதட்டு அக்கா என்றுதான் தெரியும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, மாடி மாடியாக ஏறுவார். மேலாளர் வந்தால் கதவில் ஒரே இடிதான். மூன்று தட்டு என்றால் சித்தி. கதவு திறக்கும்.

என்ன கேட்டார்? மாளிகையா கேட்டார்? மூன்றாம் மாடிப் படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி கேட்டார்! அந்த மனுவில் கையெழுத்து வாங்க, நம் கட்டடத்து வெல்டர் வீட்டுக்கு மட்டும் ஆறு முறை நடந்தார். "கையெழுத்து கிடக்கட்டும் அண்ணே, ஒரு டீயாவது குடுங்க" என்பார். ஏழாவது முறை டீயும் வந்தது, கையெழுத்தும் வந்தது.

ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் பெயரே இருக்காது. 'இரண்டாம் மாடி, இருமல்.' 'இரட்டைக் குழந்தை, ஞாயிறு மட்டும்.' கேட்டால், "பேரு எதுக்கு? எனக்குத் தெரிஞ்சா போதும்" என்பார்.

பிறகு இணையக் குழு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடைந்த படிக்கட்டின் வீடியோவுக்கு ஒரே வாரத்தில் முப்பதாயிரம் கையெழுத்து! இரண்டு வருடம் தூங்கிய மனுவை அதிகாரி விசாரணைக்கு எடுத்தார். ஆனால் விசாரணையில் என்ன கேட்டார்? "இந்த முப்பதாயிரம் பேர்ல அந்தப் படியில ஏறுறவங்க எத்தனை பேரும்மா?" சித்தியோடு நின்றது ஒன்பது பேர். மற்றவர்கள் எங்கே போனீர்கள்? "அதான் போன்ல போட்டாச்சே!" என்று வீட்டில் இருந்தீர்கள்.

உடனே ஒருங்கிணைப்பாளர் அண்ணா குடித்தனக்காரர்களின் பட்டியல் கேட்டார். "வீட்டு நம்பர், பேரு, எப்ப இருப்பாங்க, எல்லாத்தையும் இணையத்துல ஏத்திடுங்க. யாரு வேணா போய்ப் பேசலாம்ல?"

யார் வேண்டுமானாலும்! அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா அண்ணா? மேலாளரும் அந்தப் பட்டியலைத் திறந்தார். அச்செடுத்துக்கொண்டு எங்கள் கட்டடத்துக்கு வந்தார். இடிக்கவில்லை. மூன்று முறை தட்டினார்.

நாற்பத்தொரு வீடு திறந்தது. "மனுவுல இருந்து பேரை எடுக்கிறியா, வீட்டுல இருந்து சாமானை எடுக்கிறியா?" என்றார். முப்பத்தாறு வீடு பெயரை எடுத்தது.

மூன்று தட்டு அவருக்கு எப்படித் தெரிந்தது? நீங்கள் எல்லோரும் சித்தியைத்தான் பிடித்துக்கொண்டீர்கள். "எங்களை வித்துட்டியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டீர்கள். அவர் பதில் சொல்லவில்லை. முதலிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டப் போனார். ஒரு கதவும் திறக்கவில்லை. நான்காம் மாடியிலிருந்து இறங்கும்போது, அந்தக் கைப்பிடி இல்லாத திருப்பத்தில் விழுந்தார். விழுந்தவர் எழவேயில்லை. இப்போது குழுவின் இணையப் பக்கத்தில் அவர் படத்துக்கு முன்னால் பத்தாயிரம் மெழுகுவத்தி எரிகிறது. படிக்கட்டுக்கு இன்னும் கைப்பிடி இல்லை!

சித்தி ஏன் பதில் சொல்லவில்லை? ஒருவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல். யாரை?

என்னை.

நோட்டை எடுத்து, எனக்குத் தெரிந்த பெயர்களைச் சேர்த்து, பட்டியலை ஏற்றியது நான். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விடுவானேன் என்று, 'மூன்று முறை தட்டினால் திறப்பார்கள்' என்று எழுதியதும் நான். "தெரியாம செஞ்சிட்டே. வாயைத் திறக்காதே. உங்கம்மாவும் இங்கதான் குடியிருக்கா" என்றார் சித்தி. திறந்துவிட்டேன், சித்தி.

அண்ணா, அந்தப் பட்டியல் இன்னும் அங்கேயே இருக்கிறது. இந்தக் கூட்டம் கலைவதற்குள் எடுங்கள். மெழுகுவத்தி அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்.

நாளை பள்ளிக்கூடம் விட்டதும் முதல் மாடியிலிருந்து தொடங்குவேன். சித்தியின் நோட்டு என்னிடம் இருக்கிறது. மூன்று முறை தட்ட மாட்டேன்; அதைக் கெடுத்தது நான்தான். ஒரே ஒரு முறை தட்டிவிட்டுக் குரல் கொடுப்பேன்: "நான்தான், பட்டியலை ஏத்தினவ."

திட்டுவதாக இருந்தாலும், கதவைத் திறந்து திட்டுங்கள்.