கஞ்சியோடு வந்த கருவாடு

பஞ்ச காலம். ஒல்லாந்தர் கோட்டைத் துறையில் ஓடம் ஏறிய கருவாட்டு வியாபாரி, கூட வந்த மனைவியின் தம்பியிடம் சொன்னார்:

"மூணு நாள் பிச்சைக்காரனா இருந்தேன் மச்சான்."

"இன்னா மாமா சொல்ற?"

"எந்தக் கஞ்சித்தொட்டிக்கு அரிசி குடுக்கலாம்னு பாக்க, முக்காடு போட்டுக்கினு மூணுலயும் குந்தித் தின்னேன். ஒண்ணுல வெறும் தண்ணி. இன்னொண்ணுல ஊரு பேரு கேட்டு வெரட்டிட்டான்."

"மூணாவது?"

"கஞ்சி நல்லா இருந்துச்சு. கருவாடுதான் நாறுச்சு. இத எந்தப் புண்ணியவான் குடுத்தான்னு கத்தினேன். கஞ்சி ஊத்துற அம்மா முக்காட்டுக்குள்ள குனிஞ்சு பாத்துட்டு, 'போன வாரம் நீதானேண்ணா அனுப்புன'ன்னுச்சு."

"அப்ப அரிசி?"

"அங்கதான். ஆனா அந்தம்மா மொதல்ல வடிச்சுத் தின்னு பாத்துட்டுதான் வாங்கிக்குமாம்."