ஒரு சொட்டுகூட விழாத படகு

படகு வைத்திருப்பவர்கள் பொதுவாக நல்லவர்கள். கடல்மேல் மிதந்துகொண்டே, காலடியில் ஈரம் கூடாது என்பார்கள். அது ஒன்றுதான் குறை.

படகுச் சாமான் கடையில் பதினெட்டு வருடமாக அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன். படகைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் எஃகுத் தண்டு, ஷாஃப்ட், படகின் அடிப்பக்கத் துளை வழியாக வெளியே போகிறது. துளையில் தண்ணீர் ஏறாமலிருக்க ஷாஃப்டைச் சுற்றிக் கயிறு திணிக்கிறோம். கொழுப்பில் ஊறிய சணல் கயிறு சொட்டும். சொட்டினால்தான் ஷாஃப்ட் சூடேறாது. வெள்ளை டெஃப்லான் கொஞ்சம் சொட்டும். கறுப்பு கிராஃபைட் அநேகமாகச் சொட்டாது. பார்க்கவும் லட்சணம்.

அக்கா கணவர் வந்து மூன்று கயிறுகளையும் ஒரு மணிநேரம் விரலில் உருட்டிப் பார்த்தார்.

"கடைக்காரம்மா, ஒரு சொட்டு விழக்கூடாது. உங்க அக்கா செருப்பு நனைஞ்சா நான் வீட்டுக்குள்ள போக முடியாது."

"படகுன்னா சொட்டும் அத்தான். சொட்டாததுக்குப் பேரு கட்டில்."

"உன் வாய்ல எந்தக் கயித்தைத் திணிக்கிறது? சரி, நீயே சொல்லு. உன்னைக் கேக்காம நான் எதை வாங்கியிருக்கேன்?"

உண்மைதான். அக்காவைத் தவிர வேறெதையும் அவர் என்னைக் கேட்காமல் தேர்ந்தெடுத்ததில்லை.

கறுப்பைக் கொடுத்தேன். அதன் பெருமைகளைச் சொன்னேன், ஒன்றும் பொய்யில்லை. உப்புத் தண்ணீரில் அது எஃகு ஷாஃப்டை அரிக்கும், கயிற்றுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. மற்ற கடல் படகுக்காரர்களுக்கு அந்தக் கயிற்றைக் காட்டக்கூட மாட்டேன்.

பதினான்கு மாதம் ஆனது. நான் அவசரப்படுகிறவள் இல்லை. மாதாமாதம் வந்து, "ஒரு சொட்டு இல்லை" என்று பூரித்துப்போவார். நடுவில் மெக்கானிக் ஒருவர், ஷாஃப்டை உருவிப் பார்க்கலாமே என்றார். "ஒழுகாத குடத்துக்கு யாராவது ஈயம் பூசுவாங்களாண்ணே?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

"அக்காவையும் கூட்டிட்டுப் போங்க அத்தான். பாவம், வீட்டுக்குள்ளயே கிடக்கா" என்று சொன்னதும் நான்தான். அக்கறையில் சொன்னதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் போனாள். மிதவைச் சட்டை புழுங்கும் என்று போடமாட்டாள்.

ஷாஃப்ட் கயிற்றுக்கு அடியில் முறிந்து, பின்பக்கமாக நழுவிக் கடலுக்குள் போய்விட்டது. மணிக்கட்டுப் பருமன் துளை. மீதியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர்.

அத்தானோடு என்ன பகை என்று கேட்டீர்கள். ஒரு பகையும் இல்லை. அவர் இரண்டு மைல் நீந்துவார். அக்காவுக்கு நீச்சல் தெரியாது. இரண்டும் எனக்குத் தெரியும்.

புகாரில் இருப்பது அவர் கையெழுத்து என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டுகிறீர்கள். துக்கத்தில் போட்டிருப்பார். அவரை ஒரு நிமிடம் உள்ளே அனுப்புங்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவருக்கு எதிலும் நிம்மதி இருக்காது.