அரை இஞ்ச் இடது தோள்

— “அஞ்சு நிமிஷம் வந்து நின்னுட்டுப் போங்க”ன்னுதானே மேடம் அன்னிக்குச் சொன்னீங்க?

— சொன்னேன். “கணக்குப் பிரிவுக்காரனுக்குச் சட்டையப் பத்தி என்ன தெரியும்”னு நீங்க இழுத்தீங்க. “ஒண்ணும் தெரிய வேண்டாம், நீங்க அச்சு அசல் மீடியம் சைஸ், சாம்பிள் சட்டையை மாட்டிக்கிட்டுச் சும்மா நின்னாப் போதும்”னேன்.

— அந்த அஞ்சு நிமிஷம் ரெண்டு வருஷமா ஓடுது. என் பேரே எனக்கு மறந்துபோச்சு. வாட்ச்மேன்கூட “வாங்க மீடியம் சார்”ங்கறாரு.

— கையை இறக்குங்க, மீடியம் சார். காலரைப் பார்க்கணும்.

— மேடம், ஒண்ணு கேக்கணும்...

— ஆடாதீங்க, ஊசி குத்திடும்.

— இது எத்தனையாவது சாம்பிள்?

— எண்ணுறதையே விட்டுட்டேன். முதல் சட்டையில பாக்கெட் இருந்துச்சு. முதலாளி எடுக்கச் சொன்னாரு. அவரு மச்சான் வந்து, “அப்ப பேனாவைக் காதுலயா சொருகறது”ன்னாரு. திரும்ப வச்சோம். விற்பனைப் பிரிவுல, “இளைஞர்களுக்குப் பிடிக்கணும்”னு பட்டனையெல்லாம் சிவப்பாக்கினாங்க. இந்தக் கம்பெனிக்குள்ள வர்ற ஒரே இளைஞன் முதலாளி பையன். அவன், “அப்பா, கண்ணு கூசுது”ன்னுட்டான்.

— கடைசில?

— எல்லாம் பழையபடி. முதல் சட்டைக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம் இடது தோள்தான். “இப்பத்தாம்மா உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கே”ன்னு நேத்து ஓகே பண்ணிட்டாரு.

— ஓகேவா? அப்ப இனிமே நான் வர வேண்டாமா?

— அளவு பார்க்கப் பொம்மை வாங்கியாச்சு. அதோ, மூலையில நிக்குது. தலை கிடையாது, டீ கேக்காது.

— நான் எப்ப மேடம் டீ கேட்டேன்? நீங்களா வரவழைச்சீங்க.

— பேச்சை மாத்தாதீங்க. காலையில இந்தச் சட்டையை அதுக்கு மாட்டிப் பார்த்தேன். வலது பக்கம் கச்சிதம். இடது தோள் இழுத்துப் பிடிக்குது, காலர் கோணிக்கிட்டு நிக்குது. அரை இஞ்ச் வித்தியாசம். பொம்மை நேராத்தான் நிக்குது. நீங்க எப்படி நின்னீங்க?

— அது வந்து...

— ஒவ்வொரு தடவையும் தோளைத் தொங்கவிட்டீங்க. நான் அதுக்கேத்த மாதிரி வெட்டச் சொன்னேன். ஒரு கம்பெனியையே கோணலாக்கிட்டீங்க!

— முதல் சட்டை நறுக்குனு உட்கார்ந்துச்சு மேடம். “சரியா இருக்கு, போங்க”ன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். லேசாச் சாய்ஞ்சேன். “இன்னொரு தடவை வரணுமே”ன்னீங்க. அதான்... முதலாளிக்குத் தெரியுமா?

— மனசு கேக்காம நானே ஓடிப்போய், “தப்பு நடந்துபோச்சு, தையலை நிறுத்துங்க”ன்னேன். பக்கத்துல விற்பனை மேனேஜர். “தப்பா? இதாம்மா புதுமை! ‘ஒய்யாரத் தோள்’னு பேர் வைப்போம்”னு குதிக்கிறாரு. போஸ்டருக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு ஊரே உங்களை மாதிரி சாய்ஞ்சு நடக்கும்.

— ஐயோ! உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா மேடம்?

— டேப்பைப் பிடிச்சுப் பொழைக்கறவ நான். படியேறி நிமிர்ந்து வர்ற மனுஷன் என் முன்னாடி நின்னதும் சாயறாரு. ரெண்டாவது சாம்பிள்லயே தெரியும்.

— அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

— சொன்னா நிமிர்ந்துடுவீங்க. சட்டை ஓகே ஆயிடும். அப்புறம் நான் யாருக்கு டீ வரவழைக்கறது?

— மேடம்... அந்த ஒண்ணு... கேக்கணும்னு சொன்னேனே...

— ரெண்டு வருஷமாக் கேக்கப்போறீங்க. அந்தப் பொம்மையே முந்திக்கும் போலிருக்கு. நேரா நில்லுங்க, அளவெடுக்கணும்.

— சட்டைதான் ஓகே ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு?

— இது கம்பெனிக்கு இல்ல, மாப்பிள்ளைச் சட்டை. என்னைக் கட்டிக்கறீங்களா?