கைக்கு அடங்கிய கத்தி

மடக்குக் கத்தியைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா, சார்? நல்ல கத்தியென்றால் பிடித்திருக்கிறோம் என்பதே மறந்துபோகும். மரப்பிடி கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். அது பாட்டுக்கு உள்ளங்கையில் கிடக்கும். இப்போது உங்கள் மேசைமேல் வைத்தேனே, அதுவும் அப்படிப்பட்டதுதான். உங்களுக்குக் கொஞ்சம் உறுத்தலாம். அது என் தம்பி கைக்கு அளவெடுத்துச் செய்தது.

எங்களுக்கு சோபா பட்டறை. பழைய தோலைப் பிரித்துவிட்டுப் புதுத்தோல் போடுவோம். நான், தம்பி, தையல் மிஷினில் ஒரு அக்கா, அவ்வளவுதான் ஆட்கள். தம்பியை எல்லோரும் சின்னவன் என்பார்கள். அம்மா போனபோது அவனுக்கு ஷூ லேஸ் கட்டக்கூடத் தெரியாது. குளிப்பாட்டி, தலை வாரி, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து நான்தான் வளர்த்தேன். கல்யாணம் என்று ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் இருந்தான், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் கத்தியை இன்னொருவர் தொடமாட்டோம். ஒரு கைக்குப் பழகிய கத்தி அடுத்தவர் கையில் வழுக்கும். சாணை பிடிக்க மட்டும் எல்லாக் கத்தியும் என்னிடம் வரும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். "அண்ணே, வெளியூர்ல ஒரு பெரிய கம்பெனி. தோல் வெட்டுற வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"இங்க என்னடா குறைச்சல்?"

"குறைச்சல்னு இல்லண்ணே. எவ்வளவு நாளைக்குத்தான் உன் முந்தானையைப் புடிச்சுக்கிட்டே திரியறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

போகிறவனுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? அவன் கத்தியை வாங்கிப் பழைய பிடியைக் கழற்றினேன். ஈரக் களிமண்ணை அவன் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அந்த அச்சைப் பார்த்துத் தேக்கில் புதுப்பிடி செதுக்கினேன். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம். பிடித்துப் பார்த்தவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்துப்பா சின்னவனே, கட்டிப்புடிச்சுத் தூங்கிடப் போற" என்று அக்கா கிண்டல் செய்தாள்.

உறுத்துகிற கத்தியை வைத்திருப்பவன் ஜாக்கிரதையாக இருப்பான். சுகமான கத்தியில் முழு பலத்தையும் போட்டுவிடுவான், சார்.

மடக்குக் கத்தியின் முதுகில் ஒரு வில் இருக்கிறது. விரித்த அலகு மடங்காமல் நிற்பது அதனால்தான். பிடியைக் கழற்றியிருந்தபோது அந்த வில்லை அரத்தால் தேய்த்தேன். கொஞ்சம்தான். சின்னதாக ஒரு வெட்டு, சில வாரம் கட்டு, அதற்குள் கம்பெனிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

சின்னவன் கத்தியை விரித்து மடக்கிப் பார்த்தான். "என்னண்ணே, முன்னெல்லாம் டக்குனு சத்தம் வரும். இப்ப வரலையே?"

"எண்ணெய் விட்டிருக்கேன்டா. பழகுனா சரியாயிடும்."

"சரிண்ணே" என்றான். நான் சொன்னால் அவனுக்குப் போதும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே ஒருநாள், பட்டறையில் கனத்த சோபா ஒன்றின் அடித்தையலில் முனையைக் குத்தி முழு பலத்தோடு நெம்பினான். அலகு மடங்கிற்று. விரல்கள் நான் செதுக்கிய பள்ளங்களில்தான் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். "நான்தாண்ணே பாத்துச் செய்யல. நீ அழாத." நரம்பு அறுந்துவிட்டது, இரண்டு விரல்கள் இனி மடங்காது என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். ஊட்டிவிட்டேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். ஷூ லேஸ் கட்டிவிட்டேன்.

நேற்று அதே கத்தியோடு வந்து நின்றான். "இடது கையில வெட்டிப் பழகிட்டேண்ணே. கம்பெனியிலயும் வரச் சொல்லிட்டாங்க. பிடியை மட்டும் இந்தக் கைக்கு மாத்திக் குடேன். நீ செஞ்சாதான் சுகமா இருக்கும்."

வாங்கிக்கொண்டேன். களிமண் பிசைந்து அச்சு எடுத்தேன். பிடியைக் கழற்றினேன். அப்புறம் பார்த்தால் என் கையில் அரம் இருக்கிறது. பயந்துபோய்ப் பழைய பிடியையே திரும்பப் பூட்டி, நேராக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

சின்ன வெட்டு என்று நினைத்ததாகச் சொன்னேன். அது பொய். வில்லைத் தேய்த்த அன்றே, விரல் கனத்துக்குத் தோலைச் சுருட்டி அலகுக்கு அடியில் வைத்து மடக்கிப் பார்த்தேன். முக்கால்வாசி அறுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கத்தியை அவன் கையில் கொடுத்தேன்.

கத்தி உங்களிடமே இருக்கட்டும். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். சின்னவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சார். தெரிந்தால் என்னை விட்டுப் போய்விடுவான்.