ஒரு சிட்டிகை நிக்கல்

குளிர்காலத்தில் எங்கள் ஆய்வகத்திலேயே இதமான இடம் உலை அறைதான். கொரியாவின் இந்தத் தேஜோன் நகரமே விறைத்துக் கிடக்கும்போது இங்கே கோட்டைக் கழற்றிவிட்டு உட்காரலாம். அதனாலேயே எல்லாரும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு என்னிடம் வருவார்கள். ஆராய்ச்சி மாணவி சே-ரின் மட்டும்தான் உண்மையாகவே வேலையாக வருவாள்.

அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று சொன்னால்தான் நான் செய்தது புரியும், ஐயா. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலத்தின் நடுவில் வைக்கும் மெல்லிய பீங்கான் வில்லை. புரோட்டான் அதற்குள் புகுந்து மறுபக்கம் போக வேண்டும். வாயு மட்டும் துளிகூடக் கசியக் கூடாது. பொடியை அழுத்தி உலையில் சுட்டுத்தான் வில்லை செய்வோம், ஆனால் அந்தப் பொடி லேசில் இறுகாது. நிக்கல் ஆக்சைடு ஒரு சிட்டிகை கலந்தால் குறைந்த சூட்டிலேயே இறுகிவிடும், அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எதையும் கலக்காமல் அதே சூட்டில் இறுக வைப்பதுதான் சே-ரின் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி.

இறுகவில்லை. உலையைத் திறக்கும்போதெல்லாம் வில்லை விரல் பட்டதும் உதிர்ந்தது. பேராசிரியர் பாங் எட்டிப் பார்ப்பார்.

"இன்னைக்கும் அரிசிப் பொரிதானா? சந்தை வாசல்ல ஒரு கடை போட்டுக் குடுத்துடட்டுமா?"

அவளும் சிரிப்பாள். அவர் போன பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து அழுவாள்.

"இந்த வருஷமும் ஒண்ணும் வரலைன்னா அனுப்பிடுவாங்கக்கா. மொக்போவுக்குப் போயி அம்மாகூட மீன் கழுவ வேண்டியதுதான்."

எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அதுவரை யாரும் என் எதிரில் உட்கார்ந்து அழுததில்லை. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பொடி அரைத்துத் தருவது என் பொறுப்பு. அடுத்த முறை அரைக்கும்போது ஒரு சிட்டிகை போட்டேன், அவ்வளவுதான். வில்லை கல்லாக வந்தது. கலத்தின் அடி அடுக்கில் எப்படியும் நிக்கல் உண்டு. சோதனையில் தென்பட்டாலும் அங்கிருந்து ஏறியது என்றுதான் நினைப்பார்கள். சே-ரின் என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க கைராசிக்கா" என்றாள். அந்த ஒரு முறையோடு விட்டுவிடத்தான் இருந்தேன். ஆனால் ஒரு தடவை வந்து மறு தடவை வராவிட்டால் அவள் மனசு என்ன பாடுபடும்? அதனால் தொடர்ந்து போட்டேன்.

கட்டுரை வெளிவந்தது, பட்டமும் பேரும் கிடைத்தன. மதியச் சாப்பாடு மட்டும் என்னோடுதான். தன் கிண்ணத்து முட்டையை எடுத்து என் கிண்ணத்தில் வைப்பாள். பிறகு ஜெர்மனியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது.

"அங்க யாருடி உனக்குப் பொடி அரைச்சுக் குடுப்பா?"

"மெஷின்தான்கா. உங்கள மாதிரி திட்டாது, அது ஒண்ணுதான் குறை."

நானும் சிரித்தேன்.

அதற்குள் வெளிநாட்டு ஆய்வகங்கள் சில, தாங்களும் செய்துபார்த்ததாகவும் இறுகவில்லை என்றும் எழுதின. உங்கள் விசாரணைக் குழு வந்தது. உங்கள் கண்ணெதிரே அவள் மறுபடி செய்துகாட்ட வேண்டும் என்றீர்கள். அன்று காலை அவள் என்னிடம், "எனக்கு பயமே இல்லக்கா. இத்தனை தடவை வந்தது இன்னைக்கு வராமலா போயிடும்?" என்றாள்.

அன்றும் பொடி அரைத்தவள் நான்தான், நிக்கல் புட்டி என் கோட்டுப் பையில் இருந்தது. நீங்கள் எல்லாரும் அவள் கையைத்தான் பார்த்தீர்கள், என் கையை யாரும் பார்க்கவில்லை. போட்டிருக்கலாம். ஆனால் விசாரணைக் குழுவின் முன்னால் கள்ளத்தனம் செய்வது சரியாகப் படவில்லை. நான் அப்படி வளர்ந்தவள் இல்லை.

உலையைத் திறந்ததும் வில்லை உதிர்ந்ததை நீங்களே பார்த்தீர்கள். அவள் அந்தத் தூளைக் கூட்டிக் கூட்டி ஒட்ட வைக்கப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க கூடவே இருந்தீங்கல்ல?"

கூடவே இருந்தேன் என்று சொன்னேன். அது உண்மை.

அவள் செய்தது மோசடி என்று முடிவானது, ஜெர்மனிக்காரர்கள் அழைப்பைத் திரும்பப் பெற்றார்கள். பட்டமும் பறிபோனது. அவள் தூக்க மாத்திரைகளை அள்ளி விழுங்கினாள். கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். உயிர் பிழைத்தாள், ஆனால் நடை சரியாக வரவில்லை, கை நடுங்குகிறது. என் வீட்டில்தான் வைத்திருக்கிறேன். அவள் அம்மா ஊருக்குக் கூட்டிப்போக வந்தார். நல்ல டாக்டர்கள் எல்லாம் இங்கேதான் என்று பக்குவமாகப் பேசி அனுப்பிவிட்டேன். கஞ்சி ஊட்டும்போது, "நான் எங்கக்கா தப்புப் பண்ணேன்?" என்று தினமும் கேட்கிறாள். பாவமாகத்தான் இருக்கிறது. வாயைத் துடைத்துவிட்டு, "அதெல்லாம் நெனைக்காத, சாப்பிடு" என்பேன்.

இப்போது பழைய பொடியையும் அன்று அரைத்த பொடியையும் மேசையில் வைத்து, ஒன்றில் நிக்கல் இருக்கிறது, ஒன்றில் இல்லை, ஏன் என்று கேட்கிறீர்கள். பழைய பொடியில் போட்டவளும் நான்தான், அன்று போடாமல் விட்டவளும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஐயா. தன்மேல் தப்பே இல்லை என்று தெரிந்தால் கிளம்பிவிடுவாள். இந்த நிலையில் என்னைப்போல் அவளை வேறு யார் பார்த்துக்கொள்வார்கள்?